கெங்கம்மாள் வாயில் வராத பெயர்

அத்தியாயம் 17

புஷ்பா மூன்றரை வருஷம் படித்துத் தேறிவிட்டாள். ஆனால் இன்னும் நர்ஸ் ஆகவில்லை. இது என்ன கூத்து என்று இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்கள் கேட்கலாம். முதலிலிருந்து கூடவே வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பரீட்சையில் பாஸ் செய்தால் மட்டும் போதாது. பட்டணத்தில் இருக்கும் நர்ஸ் கவுன்சில் ஆபீஸ் பதிவேட்டில் பெயர் ஏறி, ஒரு நம்பர் கைக்கு வந்து சேர வேண்டும். அந்த நம்பர் இருந்தால்தான் வேப்பம்பட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறக்கும் சுகாதார நிலையத்தில் திங்கட்கிழமை புஷ்பா வேலைக்குச் சேர முடியும். வேலை உத்தரவு வந்துவிட்டது. நம்பர்தான் வரவில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அவள் தகப்பனார் பெயர் வீரராகவன். தாசில்தார் கொடுத்த சர்ட்டிபிகேட்டில் மதுரைவீரன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆபீஸ் குமாஸ்தா விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். எது சரியான பெயர் என்று தாயார் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து கொடுத்த பத்திரம், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

தப்பு நடந்தது ஐம்பத்து மூன்றாம் வருஷம். பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்கில் ரயில் வேகன்களிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மதுரைவீரனுக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை. கெங்கம்மாள்தான் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனாள். "அப்பா பேர் என்ன?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். புருஷன் பெயரை எந்தப் பெண்டாட்டி சொல்வாள்? கெங்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நம்ம கோயில் சாமி பேருதான் சார்" என்றாள். அவள் மனசில் இருந்தது ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கிற சாமி. ஹெட்மாஸ்டர் அமாவாசைக்கு அமாவாசை திருவள்ளூர் போய் வீரராகவப் பெருமாளைச் சேவித்து வருகிறவர். அவருக்குத் தெரிந்த நம்ம கோயில் அது ஒன்றுதான். வீரராகவன் என்று எழுதினார், பிளாட்டிங் பேப்பரை ஒற்றினார், அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

மதுரைவீரனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாலாம் வகுப்பில் புஷ்பாவே விஷயத்தை வந்து சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "ஏமே, என்னை ஐயங்காரு ஆக்கிட்டியா" என்று கெங்கம்மாளை ஒரு மாசம் கேலி செய்தார். போய் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

"கோர்ட்டெல்லாம் எதுக்கு?" என்றான் ஜெயராமன். புஷ்பாவுக்கு மூத்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட்டு கம்பெனியில் லேத் ஓட்டுகிறான். காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே பேசினான். "தாசில்தார் சர்ட்டிபிகேட்டுதான் தப்பு, வீரராகவன்தான் கரீட்டுன்னு ஒரு காகிதம் எழுதிக் குடுத்தா முடிஞ்சிது. நைனா இன்னா, வந்து கேக்கப் போறாரா?"

"நான் கேப்பேன்" என்றாள் புஷ்பா.

"உனுக்கு வேலை வேணுமா, பேரு வேணுமா?"

"ரெண்டும் வேணும்ணே. அந்த ரிஜிஸ்டர்ல ஒருவாட்டி எழுதிட்டா நான் சாகற வரிக்கும் அதான். நர்ஸுக்குப் படின்னு சொன்னது நைனா. வீரராகவன்னு ஒருத்தரை நான் கண்ணால பார்த்ததே இல்ல."

கெங்கம்மாள் சோற்றுத் தூக்கை மகனிடம் நீட்டினாள். "அவன் சொல்றாப்பல செஞ்சா இன்னாடி புஷ்பா? எந்தப் பேரா இருந்தா இன்னா, வேலை கெடச்சா சரி."

"நீ வரமாட்டியாம்மா?"

மகள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கெங்கம்மாள் சண்டை போட்டிருப்பாள். புஷ்பா பேசவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கெங்கம்மாள் கொடியிலிருந்து நல்ல புடவையை உருவினாள். ஜெயராமன் தலையில் அடித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினான்.

ஆவடி வந்து, பஸ் மாறி, பூந்தமல்லியில் இறங்கும் வரையில் கெங்கம்மாள் வாயைத் திறக்கவில்லை.

கோர்ட்டு வாசலில் வக்கீல் குமாஸ்தா பரந்தாமன் காத்திருந்தார். பத்திரத்தை டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். நல்ல மனிதர். ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார். பெயர் வருகிற இடத்தில் கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டதை அவரும் கவனித்தார்.

"அம்மா, நான் படிச்சா போதாது. நீங்க கைநாட்டு வைக்கிறவங்க. உள்ளே ஐயா உங்களைத்தான் கேட்பார். நீங்கதான் பதில் சொல்லணும். பொண்ணு எடுத்துக் கொடுக்கக் கூடாது."

"தலைய ஆட்டினா போதாதா?" என்றாள் கெங்கம்மாள்.

"இந்தப் பத்திரமே ஒரு பேருக்காகத்தானேம்மா. அதுக்குத் தலையை ஆட்டினா எப்படி?"

பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பெயர்? கெங்கம்மாள். ஊர்? பட்டாபிராம். தொழில்? கழனி வேலை. எல்லாவற்றுக்கும் பளிச் பளிச்சென்று பதில் வந்தது.

"புருஷன் பேர்?"

கெங்கம்மாள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மாஜிஸ்திரேட் இன்னொரு முறை கேட்டார். கெங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நெற்றியிலிருந்து வியர்வை கோடாக இறங்கியது. கதவோரமாக நின்ற புஷ்பாவுக்கு அது வெட்கமாகத் தெரியவில்லை. வெட்கப்படுகிற பெண்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது பயம்.

"மூணு மணிக்கு மறுபடி கூப்பிடுங்க" என்றார் மாஜிஸ்திரேட். "அப்பவும் முடியலைன்னா பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. நாளைக்கு நான் இங்க இல்லை."

வெராந்தாவின் கோடியில் காலியாக ஒரு பெஞ்சு கிடந்தது. புஷ்பா அம்மாவை அதில் உட்கார வைத்தாள். கை தானாக அம்மாவின் மணிக்கட்டுக்குப் போயிற்று. நாடி நூற்றுப் பத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நைனாதான் இல்லையேம்மா. இனிமே பேரைச் சொன்னா யாருக்கு இன்னா ஆவப்போவுது?"

கெங்கம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒருவாட்டி சொல்லிட்டேன்டி" என்றாள்.

புஷ்பாவுக்குப் புரியவில்லை.

"அன்னிக்குக் காலைல. எனுக்கும் அவருக்கும் சண்டை. உன்னை எங்க அண்ணன் மவனுக்குக் குடுக்கணும்னு நான் நின்னேன். நர்ஸுக்குப் படிக்கட்டும்னு அவரு நின்னாரு. படிக்க வெக்கிறேன், நீ வாயை மூடுன்னுட்டு துண்டை எடுத்து ஒதறிப் போட்டுகினு கெளம்பிட்டாரு. சோறு துன்னல. நான் கூப்புட்டேன், திரும்பல. ஏங்கன்னேன், இந்தாங்கன்னேன், திரும்பல. கோவத்துல தெருவுல நின்னுகினு பேரைச் சொல்லிக் கத்திட்டேன்."

"அப்புறம்?"

"பத்து மணிக்கு ஆளு வந்து சொன்னாங்க. ரெண்டு வேகனுக்கு நடுவுல கால் மாட்டிகிச்சுன்னு. நான் போறதுக்குள்ள முடிஞ்சிது." கெங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை. ஆறு வருஷமாக உள்ளேயே அழுது தீர்த்திருந்தாள். "பேரைச் சொன்னா புருஷனுக்கு ஆயுசு கொறையும்னு எங்க ஆயா சொல்லும். அதைக் கேட்டு வளந்தவதானே நான். என் வாயாலதான்டி அவரு போனாரு. அதே பேரை அந்த ஐயா எதிர்ல நின்னுகினு எப்டி சொல்லுவேன்?"

 ஆறு வருஷம் ஒரே வீட்டில் சேர்ந்து கஞ்சி குடித்திருக்கிறோம், இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று புஷ்பாவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அம்மா, அப்படியெல்லாம் இல்லை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் சும்மா சொல்கிற சமாதானத்தை நோயாளி கண்டுபிடித்துவிடுவான் என்பது அவள் வார்டில் கற்ற பாடம்.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு" என்றாள். "ரெண்டாம் வருஷம். ஆம்பளைங்க ஆபரேஷன் வார்டுல டூட்டி. மத்தியானம் ரெண்டு பேரைத் தூக்கிகினு வந்தாங்க. செங்கல் லாரி கவுந்திருச்சு. ரெண்டு பேருக்கும் நெனவில்ல. ஒருத்தரு பொஞ்சாதி கட்டில் பக்கத்துல நின்னுகினு இருந்தது. ரத்த பாட்டில் வந்திச்சு. அதுல ஏழுமலைன்னு பேரு. இவருதான் ஏழுமலையான்னு அந்தம்மாவ கேட்டேன். அது தலைய குனிஞ்சிச்சு. நான் ஆமாம்னு எடுத்துகினு பாட்டிலை மாட்டப் போயிட்டேன்."

கெங்கம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வார்டு சிஸ்டர் என் கையைப் புடிச்சிகினாங்க. அந்தம்மாவ பார்த்து, நீ வாயால சொல்லுன்னாங்க. அது மாட்டேன்னுச்சு. சிஸ்டர் நவுரல. நீ சொல்ற வரைக்கும் பாட்டில் ஏறாது, உன் புருஷன் இப்டியேதான் கெடப்பாருன்னாங்க. அப்புறம்தான் சொல்லிச்சு. அவரு பேரு ஏழுமலை இல்லம்மா. சின்னத்தம்பி. அந்த ரத்தம் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தது. நான் மாத்தி ஏத்தியிருந்தா அந்தாளு செத்தே போயிருப்பாரு. பேரைச் சொன்னதால பொழைச்சாரு. பத்தொம்பதாம் நாளு நடந்து போனாரு, நான்தான் வாசல் வரிக்கும் கொண்டுபோய் விட்டேன்."

கெங்கம்மாள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னியிலேருந்து ஊசி போட்டாலும் சரி, மருந்து குடுத்தாலும் சரி, பொஞ்சாதி வாயால பேரு வராம நான் கிட்ட போவறதில்ல. அம்பது அறுவது பேரை சொல்ல வெச்சிகீறேன். வேலூருக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்தவங்க, காசிமேட்டுக்காரங்க, எல்லாரும் உன்னை மாதிரிதான் வாயைப் பொத்திகினு நிப்பாங்க."

"அவங்க புருஷனுங்கள்லாம்?"

அம்மா இதைக் கேட்பாள் என்று புஷ்பாவுக்குத் தெரியும். பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"நெறைய பேரு வீட்டுக்குப் போனாங்க. நாலு பேரு செத்தாங்க. ஒருத்தருக்கு ஜன்னி. ஒருத்தருக்குக் குடல் ஓட்டை. மத்த ரெண்டு பேரும் வரும்போதே முடியாம வந்தாங்க. எல்லாத்துக்கும் காரணம் கேஸ் ஷீட்ல கீது, நானே எழுதினது. பேரைச் சொன்னதால செத்தவங்க யாரும் இல்லம்மா."

"உங்க நைனாவுக்கு?"

"ரத்தம் போயித்தான் செத்தாரு. தொடையில இறுக்கிக் கட்டி, சீக்கிரமா தூக்கிகினு போயிருந்தா பொழைச்சிருக்கலாம். கூட இருந்தவங்க நல்லவங்கதான், மூஞ்சில தண்ணி அடிச்சாங்க, விசிறினாங்க. எங்க கட்டணும்னு தெரிஞ்சவங்க அங்க ஒருத்தர்கூட இல்ல. மொத வருஷம் அந்தப் பாடம் நடத்தன அன்னிக்கு நான் பாதியில எழுந்து போயி அழுதுட்டு வந்தேன். உன்கிட்ட சொல்லல."

கெங்கம்மாள் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.  பரந்தாமன் தூரத்திலிருந்து இரண்டு டீ வாங்கி அனுப்பினார். நல்ல மனிதர் என்று ஏற்கெனவே சொன்னேன்.

டீயைக் குடித்து முடித்தபோது புஷ்பா கேட்டாள். "நீ கத்தினியே, அப்ப நைனா திரும்பிப் பார்த்தாராம்மா?"

"பார்த்தாரு."

"இன்னா சொன்னாரு?"

கெங்கம்மாளின் முகம் மெல்ல மாறியது. இந்தக் கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. தன்னையே அவள் கேட்டுக்கொண்டதும் இல்லை.

"சிரிச்சாரு" என்றாள். "அட்றா சக்கை, பேரு சொல்லிக் கூப்புட்டுட்டியே, இன்னொருவாட்டி கூப்புடுமே பாக்கலாம்னாரு. தெருவே பார்த்துச்சு. எனுக்கு மானம் போச்சு, உள்ள ஓடிட்டேன். சிரிச்சிகினேதான் போனாரு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. புஷ்பா தடுக்கவில்லை. அழவிட்டாள். அழுகிறவர்களை எப்போது அழவிட வேண்டும் என்பதும் படிப்பில் சேர்த்திதான்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். "உன் புருஷன் பேர் என்னம்மா?"

"மதுரைவீரன்" என்றாள் கெங்கம்மாள்.

மெல்லச் சொல்லவில்லை. தெருக்கோடியில் போகிற ஆளைக் கூப்பிடுகிற குரல். வெராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டவாலி சேவகர் கையிலிருந்த காகிதக் கட்டு நழுவிற்று. யாரோ அந்தப் பெயர் கொண்ட ஒரு கட்சிக்காரர் வெளியே "ஆஜர் ஐயா" என்று எழுந்து நின்றதாகப் பரந்தாமன் பிறகு சத்தியம் செய்தார். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

"இவ்வளவு சத்தம் வேண்டாம்மா. எனக்குக் காது கேட்கும்."

"நான் அப்டித்தான் கூப்புட்டிருக்கேன் ஐயா. வேற மாரி சொல்லத் தெரியாது."

மாஜிஸ்திரேட் மீசைக்குள் சிரித்தாரோ என்னவோ, குனிந்து கையெழுத்துப் போட்டார். கெங்கம்மாள் கட்டை விரலை மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தி வைத்தாள். 

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. கெங்கம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். சுகாதார நிலையத்தில் கட்டில் எத்தனை, பிரசவம் பார்ப்பார்களா, வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி யார் போடுவது என்று வழியெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள். மகள் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு கேட்டது இதுதான் முதல் தடவை. புஷ்பா பத்திரத்தை நாலு தரம் எடுத்துப் பார்த்து நாலு தரம் பத்திரப்படுத்தினாள். நாளைக்குக் காலையில் ஆபீஸ் திறக்கும்போது கொடுத்துவிட்டால் போதும். திங்கட்கிழமை அவள் நர்ஸ்.

அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது ஜெயராமன் அவர்களுக்கு முன்னால் வந்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. அடுப்பில் டீத்தண்ணீர்கூடக் கொதித்துக்கொண்டிருந்தது.

"நீ இன்னா இந்நேரத்துல?" என்றாள் கெங்கம்மாள்.

"அரை நாள் லீவு போட்டேன். அம்மா கோர்ட்டுல நின்னுகினு முழிக்குமேன்னு மனசு கேக்கல. நேரா கவுன்சில் ஆபீசுக்குப் போயிட்டேன்." ஜெயராமன் புஷ்பாவைப் பெருமையாகப் பார்த்தான். "எங்க நைனா பேரு வீரராகவன்தான், தாசில்தார் சர்ட்டிபிகேட்டு தப்புன்னு மூத்த மவன்ற முறையில எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். வாங்கி சீல் குத்திட்டாங்க. கவலையே வேணாம், வேலை முடிஞ்சிது."

புஷ்பா பையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"இன்னாடி?"

"அம்மா சொல்லிட்டாங்கண்ணே. சத்தியம் பண்ணி, கைநாட்டு வெச்சு, மாஜிஸ்திரேட் கையெழுத்தும் ஆயிடுச்சு. மதுரைவீரன்னு."

ஜெயராமனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஒரே வீட்டிலிருந்து ஒரே நாளில் இரண்டு காகிதம். ஒன்று சத்தியம், இன்னொன்று பொய். பொய்யின் அடியில் அவன் கையெழுத்து இருக்கிறது. ஆபீஸ் அதை எப்படி எடுத்துக்கொள்ளும், போலீஸ் வரைக்கும் போகுமா, புஷ்பாவின் நம்பரே நின்றுபோகுமா, ஒன்றும் தெரியாமல் அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். டீத்தண்ணீர் பொங்கி வழிந்தது.

"அம்மாவா? அம்மாவா சொல்லிச்சு?" என்றான். அவனுக்கு அதுதான் முதலில் நம்ப முடியவில்லை.

கெங்கம்மாள் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். மகனைக் கோபிக்கவில்லை. தன்னைக் காப்பாற்றப் போய்த்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாதா?

"காலைல மொத ரயிலுக்கு மூணு பேரும் போறோம்" என்றாள். "அந்தக் குமாஸ்தா ஒருவாட்டி கேட்டாலும் சொல்றேன், நூறுவாட்டி கேட்டாலும் சொல்றேன். உங்க நைனா பேரு மதுரைவீரன். என் புருஷன் பேரு எனுக்குத் தெரியாதா?"

பிறந்து இருபத்தைந்து வருஷத்தில் ஜெயராமன் அந்தப் பெயரை அம்மாவின் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். அவன் கண் கலங்கிவிட்டது. "ஆபீசுல நான் குடுத்த காகிதத்தை திருப்பித் தருவாங்களா புஷ்பா?" என்று கேட்டான்.

புஷ்பாவுக்கும் தெரியவில்லை. தம்ளர்களை எடுத்து வைத்து, மூன்று பேருக்கும் டீயை ஊற்றினாள்.